ஒரே எண்கள் எழுதிய மூன்று இரத்த அறிக்கைகள்

சண்டைக் காலத்தில் நாங்கள் வாவிக்கு அக்கரையில் பழுகாமம் என்ற ஊரில் இருந்தோம். என் மகளுக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். ஓட்டிசம் என்ற வளர்ச்சிக் குறைபாடாக இருக்கலாம் என்றார் ஊர் மருத்துவமாது.

தோணியில் வாவியைக் கடந்து, ராணுவச் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று, இரத்தத்தைப் பார்த்தே அதைச் சொல்லிவிடுவதாக விளம்பரம் போட்டிருந்த டவுன் இரத்தப் பரிசோதனைக் கடைக்கு அவளைக் கொண்டுபோனேன். டை கட்டிய ஒருவர் ஊசி குத்தினார். அந்த டைதான் அவருடைய முழுப் படிப்பும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"ரத்தத்தில புரதம் கூடிப்போச்சு. அதுதான் புள்ளைக்குக் கதைக்க வருகுதில்ல. மீன், முட்டை, பால், பருப்பு எல்லாத்தையும் நிப்பாட்டுங்க" என்றார்.

மாதம் ஒருமுறையாக மூன்று முறை இரத்தம் எடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தார். வெறும் கஞ்சியில் பிள்ளை வற்றிப்போனாள். மூன்றாம் முறை திரும்பும்போது சாவடி வரிசையிலேயே மயங்கி விழுந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

சேலைன் ஏற்றிய டாக்டர் அம்மா மூன்று அறிக்கைகளையும் அருகருகே வைத்தார்.

"இஞ்ச பாருங்க, மூண்டிலயும் ஒரே எண்கள். திகதி மட்டும்தான் மாறிக் கிடக்கு. ரத்தப் புரதத்தில ஓட்டிசம் தெரியுமாண்டு இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குது. இப்ப அதைப் பார்த்துச் சொல்ல ஒருத்தராலயும் ஏலா."

எடுத்த இரத்தத்தைச் சோதிக்கக்கூடச் சோம்பல்பட்ட அந்தப் பெரிய மனிதரிடம் நான் மூன்று மாதம் கைகட்டி நின்றிருக்கிறேன்!

மகள் தேறினாள். பேச்சுப் பயிற்சியில் சில சொற்களும் வந்தன.

இப்போது யார் ஊசியை எடுத்தாலும், "இதில என்ன தெரியும்? தெரிஞ்சு என்ன செய்வீங்க?" என்று கேட்கிறேன். பதில் சொன்னால்தான் அவள் சட்டைக் கையைச் சுருட்டுவேன்.