தலைவலிக்குக் கட்டம் கெடையாது

ஷரீஃபுன்னிசான்னு முழுப்பேரச் சொல்லி நெட்டுக்குப்பத்துல விசாரிச்சீங்கன்னா எல்லாரும் முழிப்பாங்களே தவிர பதில் வராது. ஊசியம்மான்னு கேட்டுப் பாருங்க, எந்தத் தெருவுல யார் புள்ளைக்கு ஊசி போட்டுகினு கீதுன்னு கரெக்டா சொல்லுவாங்க. ராயபுரத்துலேர்ந்து பஸ் புடிச்சு வர்ற நர்சு. எண்ணூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துல பத்தொம்பது வருஷ சர்வீசு. புள்ளைங்களுக்குத் தடுப்பூசி, மாசமா இருக்குறவங்களுக்கு செக்கப், பெத்தவங்கள வூட்டுக்கே போய் பாக்குறது. டிவியில வர்ற பெரிய டாக்டருங்க கத வேற. ஒரு குப்பத்துல புள்ளைங்க பொழச்சுக் கெடக்குதுன்னா, இந்த மாதிரி ஒரு அம்மா தெனம் வெயில்ல நடந்ததாலதான், தெரிஞ்சுக்கோங்க.

அந்தம்மாவுக்கு ஒரு பழக்கம். மாசமா இருக்குற பொண்ணு வூட்டுக்குப் போனா வாசல்ல நின்னு பேசாது. நேரா சமையக்கட்டுக்குப் பூந்துடும். "இன்னா கொழம்பு?"ன்னு கேட்டுகினே கீழ குந்தி, அந்தப் பொண்ணு கணுக்கால்ல கட்டைவெரலால ஒரு அழுத்து அழுத்தும். குழி வுழுந்து அப்டியே நின்னுச்சுன்னா வீக்கம். வீக்கம்னா பிரஷரு ஏறுதான்னு ஒடனே பாக்கணும். மிஷினு அப்பறம்தான் பையிலேர்ந்து வெளிய வரும். "வாயத் தொறந்தா எல்லாரும் நல்லா கீறேன்னுதான் சொல்லுவாங்க, நான் கால்கிட்ட கேட்டுக்கறேன்"னு சிரிக்கும்.

அப்பறம் வந்துச்சே அந்தப் பாழாப்போன ரெண்டாயிரத்து இருவது. செக்கப் இல்ல, புதன்கிழமை ஊசி இல்ல, சுகாதார நிலையத்துல மூக்குல குச்சி வுட்டு டெஸ்ட் எடுக்குறது மட்டும்தான். நர்சுங்களுக்கு ஆளுக்கு நூறு வூடு, தெனம் காய்ச்சல் கணக்கு எடுக்கணும். வாசப்படி தாண்டக் கூடாது. ஆறடி தள்ளி நின்னு நாலு கேள்வி. காய்ச்சல் கீதா, இருமல் கீதா, சளி கீதா, மூச்சு வாங்குதா. ஃபார்ம்ல நாலு கட்டம், நாலு டிக்கு, அடுத்த வூடு. எவனுக்காவது ஆமான்னு டிக்கு வுழுந்தா டெஸ்ட்டு. டெஸ்ட்டுல வந்துச்சுன்னா வூட்ட மறிச்சு தகரம் அடிச்சுடுவாங்க.

"செவ்வாக்கெழம செக்கப்பயாவது வுடுங்க சார்"னு அந்தம்மா மீட்டிங்குல கேட்டுச்சு. "ரெண்டு வாரம் பொறுத்துக்கங்கம்மா"ன்னாங்க. ரெண்டு வாரம் ரெண்டு மாசமாச்சு. அதுக்கப்பறம் அந்தம்மா யாரையும் கேக்கல. குப்பத்துல மாசமா இருந்த பதினோரு பேர ஒரு நோட்டுல எழுதி பையில வெச்சுகினு, கணக்கு எடுக்குற சாக்குல அவங்களையும் பாத்துகினு வந்துச்சு. இந்தப் பதினோரு பேரும் நல்லபடியா பெத்து எழுந்துட்டா போதும், வேற ஒண்ணும் வேணாம்னு இருந்துச்சு. அதுல ஒருத்திதான் மோகனப்ரியா. தலச்சன், எட்டு மாசம். மார்ச்சுல பாத்தப்பவே பிரஷரு லேசா தூக்கலா இருந்த பொண்ணு. புருஷன் பிரகாஷ் மீன் புடிக்க போட்டுல போறவன்.

ஜூன் மாசம் ஒரு நாள். வெயிலு மண்டையப் பொளக்குது. மேல பிளாஸ்டிக் கவுனு, உள்ள வேர்வ தெப்பம். அறுவத்தி மூணாவது வூடு மோகனப்ரியா வூடு. பக்கத்து வூட்டுல அப்பதான் தகரம் அடிச்சு நாலு நாளு. மாமியாரு செல்லம்மா வாசல அடைச்சுகினு நின்னுச்சு. பின்னால அந்தப் பொண்ணு, நைட்டி தரையக் கூட்டுது.

"இங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல, எழுதிகினு போ"ன்னு செல்லம்மா சொல்லுச்சு.

ஊசியம்மா நாலு கேள்வியும் கேட்டுச்சு. இல்ல, இல்ல, இல்ல, இல்ல.

"லேசா தலவலி மட்டும்தான்க்கா"ன்னு பின்னாலேர்ந்து மோகனப்ரியா சொல்லுச்சு.

தலைவலிக்குக் கட்டம் கெடையாது. "தண்ணி நெறைய குடிம்மா"ன்னு சொல்லிட்டு, நாலு டிக்கு போட்டுட்டு, அறுவத்தி நாலாவது வூட்டுக்குப் போயிடுச்சு. பத்தொம்பது வருஷ நர்சு! எட்டு மாசப் பொண்ணு தலவலின்னு சொன்னா அது பிரஷரு ஏறுறதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். காதுல வுழுந்துச்சு. உள்ள போகல.

மூணு மணிக்கு ராயபுரம் வந்து, மாடிப்படிக்குக் கீழ வெச்சிருந்த பக்கெட்டுத் தண்ணியில கால் கழுவுச்சு. நாளெல்லாம் நடந்த காலு உப்பி, செருப்பு வாரு அழுத்துன எடம் பள்ளமா கெடந்துச்சு. அதப் பாத்ததும் கையிலேர்ந்து சொம்பு நழுவுச்சு.

"யா அல்லா, தலவலின்னு சொன்னாளே!"

பிரகாஷுக்குப் போன் போட்டுச்சு. "அக்கா, நானே உனக்குப் போடலாம்னு இருந்தேன். கண்ணு சரியா தெர்லன்றாக்கா"ன்னான். "இன்னும் இன்னாடா பாத்துகினு கீற, ஆஸ்பத்திரிக்குத் தூக்குடா, வழியில எங்கயும் நிக்காத"ன்னு அந்தம்மா கத்துன கத்துல தெருவே எட்டிப் பாத்துச்சு. மீன் ஏத்துற ஆட்டோவுல படுக்க வெச்சு ஓட்டிகினு போனான். பாதி வழியில வலிப்பு வந்துடுச்சு. தாய காப்பாத்திட்டாங்க. புள்ள உள்ளயே போயிடுச்சு. பொம்பளப் புள்ள.

மறுநாள் காலையில அந்தம்மா நூறு வூடு பாத்துச்சு. அதுக்கு மறுநாளும் நூறு. டாக்டர்கிட்ட போய், "தலவலின்னு சொல்லுச்சு சார், நான் கேட்டுட்டு வந்துட்டேன்"னு சொல்லுச்சு. "ஃபார்ம்ல அதுக்கு எடமே இல்லையேம்மா, நீங்க இன்னா பண்ணுவீங்க, வுடுங்க"ன்னாரு. யாராவது நல்லா நாலு வார்த்த திட்டியிருந்தா அழுதாவது தொலைச்சிருக்கும். ஒருத்தரும் திட்டல. சோறு எறங்குச்சு, தூக்கம் வந்துச்சு, காலையில ஸ்டாஃபுக்கு வுட்ட பஸ்ஸும் வந்துச்சு. ஒடம்புல எங்க கிள்ளுனாலும் வலிக்காத மாதிரி இருந்துச்சு அந்தம்மாவுக்கு.

ஆறாம் நாள் மோகனப்ரியா வூடு திரும்புச்சு. புள்ள இருந்தாலும் இல்லாட்டியும், பெத்தவள வூட்டுக்குப் போய்ப் பாக்குறது நர்சு கடம. அந்தக் கடமைக்கும் அப்ப உத்தரவு இல்லதான். அந்தம்மா கவுனக் கழட்டி வெச்சுட்டு, மாஸ்க்கு மட்டும் போட்டுகினு போச்சு. அடிப்பாங்களோ, மண்ண வாரித் தூத்துவாங்களோன்னு நெனச்சுகினுதான் போச்சு. செல்லம்மா வாசல்லயே கையப் புடிச்சுகிச்சு.

"பால் கட்டிகினு நெருப்பா கொதிக்குது. பால் நிக்க மல்லிப்பூ வெச்சுக் கட்டலாம்னா ஊருல ஒரு மொழம் பூ கெடைக்கலயே, நான் இன்னா பண்ணுவேன்?"

பூ மார்க்கெட்ட மூடி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்தம்மா ராயபுரத்துல பூ கட்டுற தாவூதுக்குப் போன் போட்டுச்சு. அவரு ஊரடங்கு போட்டதுலேர்ந்தே பூவுக்குப் பதிலா தக்காளி வித்துகினு இருந்தாரு. "இன்னாம்மா, கல்யாணமா?"ன்னு கேட்டாரு. இந்தம்மா வெஷயத்தச் சொல்லுச்சு. பொன்னேரி தாண்டி ஒரு தோட்டக்காரர்கிட்ட சொல்லி, மறுநாள் தக்காளி வண்டியிலயே ஒரு பை உதிரிப்பூ வரவெச்சுக் குடுத்தாரு. காசு வாங்கல.

சமையக்கட்டுல மோகனப்ரியாவ ஒக்கார வெச்சு, அந்தம்மா பூவ கெட்டியா பரப்பி, மாருல வெச்சு, பழைய வேட்டித் துணியால சுத்த ஆரம்பிச்சுச்சு. வூடு பூரா கல்யாண வாசன. அந்த வாசனைய தாங்கிக்க முடியாம செல்லம்மா எழுந்து வெளிய போயிடுச்சு.

"அன்னிக்கு நீ தலவலின்னு சொன்ன. நான் கேட்டுட்டுப் போயிட்டேன். தப்பு என் மேலதான்"னு ஊசியம்மா சொல்லுச்சு.

அந்தப் பொண்ணு இல்லன்னு தலைய ஆட்டுச்சு.

"எனக்குக் காலு ரெண்டும் பத்து நாளா வீங்கி கெடந்துச்சுக்கா. அத்தயும் நானும் அத சொல்ல வேணாம்னு முடிவு பண்ணோம். சொன்னா நீ உள்ள வருவ, நீ வந்தா பின்னாலயே தகரம் வரும்னு. அதான் பெரிய நைட்டியா போட்டுகினு நின்னேன். உன்னப் பாத்துதான்க்கா பயந்தேன்."

பத்தொம்பது வருஷத்துல அந்தக் குப்பத்துல ஒரு வாயிலேர்ந்து வராத வார்த்த. அந்தம்மாவுக்கு ஒரு வாரமா வராத அழுக அப்ப வந்துச்சு. சத்தம் போடாம அழுதுகினே துணிய இன்னொரு சுத்து சுத்துச்சு.

"வலிக்குதுக்கா."

"இறுக்கமாத்தான் இருக்கணும்மா. மூணு நாளைக்கு அவுக்காத. பால் நின்னுடும்."