முன்னே விழத் தெரிந்தவன்

இந்த அமெரிக்காவில் இடித்தால்தான் மன்னிப்பு என்றில்லை. இடிக்க வாய்ப்பிருந்தாலே ‘ஸாரி’ சொல்லிவிடுகிறார்கள். தயிர் அலமாரிக்கும் எனக்கும் நடுவே ஒரு நொடி குறுக்கே போகிறவர்கூட ஏதோ என் சொத்தை எழுதி வாங்கியவர் போலக் குழைகிறார். வந்து இரண்டு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. இதே மக்கள்தான் ஞாயிற்றுக்கிழமை டிவி முன் சோபாவில் சாய்ந்துகொண்டு, ஒரு மனிதன் மேல் ஐந்து பேர் விழுவதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். சனிக்கிழமை மாலை எங்கள் ஊர் சுகர் லேண்டின் இந்தியக் கடை மட்டும் இந்த மரியாதைக்கு விலக்கு. மாம்பழப் பெட்டி வந்திறங்கிய நாளென்றால் தள்ளுவண்டிகள் தேர் மாதிரி முட்டிக்கொள்ளும். அந்த நெரிசலில்தான் அவனைப் பார்த்தேன். டெலிவரி ஆப்பில் வரும் ஆர்டர்களை எடுத்துக் கொடுக்கிற வேலை போல. மொபைலை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு பெட்டியை மார்போடு அணைத்தபடி வந்தான். கதவை அடைக்கிற உடம்பு. ஒரு ஆன்ட்டி பார்க்காமல் வண்டியைப் பின்னால் இழுத்தார். அவன் நிற்கவில்லை, தோளைச் சாய்த்து, ஒரு காலில் சுழன்று, இரண்டு வண்டிகளுக்கு நடுவில் இல்லாத இடத்தில் புகுந்து வெளியே போய்விட்டான். ஆன்ட்டிக்குக் காற்றுகூடப் பட்டிருக்காது. கையில் பருப்புப் பாக்கெட்டோடு எனக்கு ஒன்றே தோன்றியது: இவனை எங்கள் கபடி அணியில் இறக்க வேண்டும்.

பின்னாலேயே ஓடி, பார்க்கிங்கில் பிடித்து, ஏதாவது விளையாடுவாயா என்று கேட்டேன். முன்பு பந்தை எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன் என்றான். நான் பள்ளி மைதானம் எதையோ கற்பனை செய்து, பரவாயில்லை, நாங்கள் சொல்லித்தருகிறோம் என்றேன். அவன் சிரிக்காமல் தலையாட்டினான். பெயர் டேரல். அன்றிரவு பெயரைப் போட்டுத் தேடியபோதுதான் எனக்கு வியர்த்தது. தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பாலில் மூன்று சீசன் ஆடிய ரன்னிங் பேக்.

அந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பந்தை எறிகிறவனுக்குச் சிலை வைப்பார்கள். பிடிக்கிறவனுக்கு விளம்பரப் படம் கிடைக்கும். ரன்னிங் பேக்குக்குக் கிடைப்பது முழங்கால் வலி. பந்தை அவன் வயிற்றில் திணித்துவிட்டு, எதிரே சுவராக நிற்கும் ஆட்களுக்குள் போ என்பார்கள். போவான். விழுவான். எழுந்து வந்து மறுபடி போவான். இருபத்தேழில் கிழவன் என்று பெயராகிவிடும். கல்லூரியிலிருந்து புதிதாக ஒருவன், மலிவாக, வாசலில் நிற்பான். டேரலுக்கு இருபத்தெட்டு. பழைய வீடியோ ஒன்றில் அவன் முழங்கால் மடிகிற இடத்தை யாரோ மெதுவாக்கித் திரும்பத் திரும்ப ஓட்டியிருந்தார்கள். கீழே ஒருவனின் வருத்தம்: இவனை நம்பி ஆபீஸ் பந்தயத்துக்கு எழுதிய என் கற்பனை டீமில் எடுத்தேன், நாசமாக்கிவிட்டான்.

அவனை வெளியேற்றிய விதத்தைப் பின்னொரு நாள் அவனே சொன்னான். காலையில் ஒரு இளைஞன் வந்து, கோச் பார்க்க வேண்டும் என்கிறார், ஆட்டத் திட்டம் இருக்கிற டேப்லெட்டையும் கொண்டு வா என்பான். டேப்லெட் என்ற வார்த்தை வந்தால் அணியில் இடம் முடிந்தது. வருகிறவன் எப்போதும் நல்ல பையனாகத்தான் இருப்பானாம். எனக்குக் கோபியில் நடந்த மாவட்டக் கபடித் தேர்வு ஞாபகம் வந்தது. பொறியியல் இரண்டாம் வருடம். தேர்வாளர் என் கெண்டைக்காலைக் கத்திரிக்காய் வாங்குகிறவர் போல அழுத்திப் பார்த்துவிட்டு, “காலேஜ் நல்ல காலேஜுங்களா தம்பி? அப்ப அதையே பாருங்க” என்றார். அவரும் நல்ல மனிதர்தான். டீ வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் கபடியைப் பற்றி டேரல் கேட்டது இரண்டே கேள்வி. ஆளைப் பிடித்துக் கீழே போடுவீர்களா? போடுவோம். கவசம் உண்டா? பனியன் உண்டு. அவன் முகம் அப்போதுதான் முதல்முறையாக வெளிச்சமானது. வசந்த காலத்தில் நடக்கும் சின்ன ஃபுட்பால் லீக் ஒன்றின் அணி அவனைத் தேர்வுக்கு அழைத்திருந்தது. இந்த வயதில், இந்த முழங்காலுக்கு, இதுதான் கடைசி அழைப்பு; இதில் இல்லை என்றால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். அதுவரை தினமும் காலையில் வருகிறேன், நான் ஓடுகிறேன், நீங்கள் என்னைப் பிடியுங்கள் என்றான். தேர்வுக்குப் பயிற்சி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒரு அமெரிக்க வீரனைத் தயார் செய்கிறோம் என்ற பெருமையில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆபீஸுக்கு முன்னால், ஃப்ரீவே இரைச்சல் கேட்கும் பூங்காவில் கூடினோம். எங்கள் கேப்டன் செந்தில் அண்ணன், ராசிபுரத்துக்காரர், எண்ணெய்க் கம்பெனியில் மேனேஜர். ரியாஸ், மேலப்பாளையம், மருத்துவமனை லேபில் இருக்கிறான். இன்னும் நாலு ஐடி தொப்பைகள். கைகோத்துச் சங்கிலியாக நின்றோம். டேரல் வந்தான். அடுத்து எனக்குத் தெரிந்தது ரியாஸ் புல்லில் மல்லாந்து கிடந்ததும், அவன் காதோரம் நெருப்பெறும்பு ஊர்ந்ததும்தான்.

“உயிரோட இருக்கியாடா?” என்றார் செந்தில் அண்ணன்.

“லாரி நம்பர பாத்து வச்சிருக்கேன் அண்ணே. கேஸ் போடணும்.”

“அவன் மேல போடு. காப்பாத்தாத என் மேல போட்ராத.”

இரண்டாவது வாரத்தில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மோதக்கூடாது. போகவிட்டு, பின்கால் தரையை விடும் நொடியில் கணுக்காலை அள்ள வேண்டும். அள்ளினேன். பனைமரம் போல முகம் குப்புற விழுந்தான். பதறிப்போய்ப் பார்த்தால், புல்லுக்குள் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மறுபடி என்றான். அதன்பின் ஒவ்வொரு நாளும் மறுபடி, மறுபடி. முழங்கால் வீங்கும். ஐஸ் கட்டிக்கொண்டு டெலிவரிக்குப் போவான்.

செந்தில் அண்ணனின் கணக்கு வேறு. பொங்கலுக்கு டல்லாஸ் தமிழர்களோடு போட்டி. போன முறை அவர்கள் எங்களைக் கிழித்திருந்தார்கள். “அவனுக்கு அங்க கெடைச்சிருச்சுன்னா நமக்கு எப்புட்ரா வருவான்?” என்று காரில் கேட்டார். “தோக்கட்டும். நல்ல பையன்தான், ஆனா தோக்கட்டும்.” முழங்கால் தாங்காதே என்றேன். “ரெண்டு மேட்சு தாங்குனா போதும். அதுக்கப்புறம் நாம என்ன அதைய வெச்சுப் பொங்கலா வைக்கப்போறோம்?” டேரலின் பழைய முதலாளிகளும் இப்படித்தான் பேசியிருப்பார்கள், ராசிபுரத்துத் தமிழில் இல்லையே தவிர. ரியாஸ் சிரித்தான். நானும் சிரித்தேன்.

தேர்வு நாளன்று நான் லீவு போட்டுவிட்டு அவனைக் காரில் கூட்டிப்போனேன். கூரை போட்ட பெரிய மைதானம். இருபத்திரண்டு வயதுப் பையன்கள் காதில் பாட்டோடு குதித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் எடை, உயரம். ஒருவர் டேரலின் முழங்காலை இப்படியும் அப்படியும் திருகி, பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். நேர்கோட்டில் ஓடச் சொல்லி ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார்கள். கூம்புகளைச் சுற்றி ஓடினான். நாலு பந்து பிடித்தான், நாலும் சுத்தம். யாரும் அவன் முன்னால் வந்து நிற்கவில்லை. ஒரு விரல்கூட அவன் மேல் படவில்லை. தண்ணீர் குடிக்கப் போனவனின் தோளைத் தட்டி, மலர்ந்த முகத்தோடு ஒருவர் கைகுலுக்கினார். வந்ததற்கு மிக்க நன்றி. அவ்வளவுதான். அடுத்த பையனின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

காரில் நான்தான் கொதித்தேன். இத்தனை வாரம் விழுந்து எழுந்தோமே, உன்னைக் கீழே தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பார்க்கவே இல்லையே, இது என்ன தேர்வு என்று கத்தினேன். அவன் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அவன் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

“செலக்‌ஷன்ல யாரும் ஆளைத் தொட மாட்டாங்க. எப்பவுமே அப்படித்தான்.”

“தெரிஞ்சுமா எங்ககிட்ட வந்து தினமும் விழுந்த?”

“என்னை அனுப்பினதுக்கப்புறம் என்னைக் கீழ தள்ளணும்னு யாருமே நினைக்கல. பார்த்தா ஒதுங்கிடறாங்க. நீங்க ஏழு பேரும் அப்படியே என் மேல பாஞ்சீங்க.”

மொபைல் அடித்தது. ஸ்பீக்கரில் செந்தில் அண்ணன்: “என்னடா ஆச்சு? இல்லையா? சூப்பர். சனிக்கிழம வரச்சொல்லிரு.” வரச்சொல்வது எந்த மொழியில் இருந்தாலும் புரியும்போல. எத்தனை மணிக்கு என்று கேட்டான் டேரல்.

போன சனிக்கிழமை மைதா மாவில் கோடு போட்டு அவனை முதல் ரெய்டுக்கு அனுப்பினோம். மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ சொல்லக் கற்றுக்கொண்டிருந்தான். போனான். ரியாஸைத் தாண்டி, சங்கிலியை அறுத்து, எல்லோரையும் உரசி, எதிராளியின் கடைசிக் கோட்டில் போய் நின்று எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். மூச்சு தீர்ந்துவிட்டது. அவுட். செந்தில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “தொட்டாச்சுல்ல, திரும்பி வாடா. கம் பேக் மேன், கம் பேக்.”

எங்கே என்று கேட்டான் டேரல். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான். ஏழு வயதிலிருந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: பந்து உன்னிடம் வந்துவிட்டால் பின்னால் பார்க்காதே, விழப்போகிறாய் என்றால்கூட முன்னே விழு, உன் உடம்பின் நீளமாவது முன்னேறிய தூரத்தில் கணக்கில் வரும். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தால்தான் ஜெயித்ததாக அர்த்தம் என்ற ஆட்டத்தை அவன் கேள்விப்பட்டதே இல்லை.

வரும் சனிக்கிழமை அவனுக்குத் திரும்பி வரச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவன் போய்த் தொட்டதும் நான் நடுக்கோட்டில் நின்று கையை நீட்டிக் கூப்பிட வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் ஆறு பேர் அவன் கால்களைப் பிடித்துத் தொங்குவார்கள். அந்த முழங்காலோடு எல்லோரையும் இழுத்துக்கொண்டு அவன் என் கையை எட்ட வேண்டும். நேற்று தனியாகப் பூங்காவுக்குப் போய்க் கோட்டின் மேல் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம். நானே இன்னும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாதவன்; எந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிடுவது என்று பிடிபடவில்லை. சனிக்கிழமைக்குள் பிடிபட வேண்டும்.