லூசியம்மாளுக்குத் தீர்ப்புச் சொன்னவன்

எழுபதுகளில் நான் தூத்துக்குடியில் தோணி வேலை பார்த்தேன். எங்கள் கடலோர ஊரான மணப்பாட்டில் ஸ்டெல்லாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். அந்த டிசம்பரில் அங்கே புனித லூசியாவின் நாடகம் போட்டார்கள். சொத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, கடவுளுக்கே வாழ்வேன் என்று கல்யாணத்தை மறுத்த ரோமாபுரி ஆட்சிக் காலத்துப் பெண் அவள். எனக்குக் குரல் பெரிது என்பதால், அவளுக்குத் தண்டனை விதிக்கும் அதிகாரி வேடம் கிடைத்தது.

"இவள் கண்களைப் பிடுங்குங்கள்!" என்று நான் முழங்கியதும், மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஒருவர் எழுந்து என் மேல் மணலை வாரித் தூற்றினார். பார்த்தால், ஸ்டெல்லாவின் அம்மா!

மறுநாள் அப்பாவோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"அந்தத் தாய் கண்ணப் பிடுங்கச் சொன்னவனுக்கா எம் பிள்ளையக் கட்டிக் குடுப்பேன்? மாட்டேன்," என்றார் அத்தை.

"நாடகந்தான, மைனி," என்று அப்பா கெஞ்சியும் அவர் இறங்கி வரவில்லை.

உள்ளேயிருந்து ஸ்டெல்லா வந்தாள். "எம்மா, நீங்க கண்ண மூடி அழுதிய. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதச் சொல்லும்போது அவியளுக்கும் கண்ணு நெறஞ்சுது."

உண்மைதான். லூசியாவாக நின்ற சின்னப் பெண் பயமில்லாமல் என்னை நிமிர்ந்து பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை ஒருத்தி கவனித்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

அத்தை திரும்பி என் கண்களைப் பார்த்தார். பிறகு, "காப்பி குடிக்கியளா?" என்றார்.

எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன், எங்கேயோ இறந்தவளுக்காக ஒரு தாய் சம்பந்தத்தையே முறிக்கத் துணிந்தார். அதுவரை லூசியா எனக்குப் பூசையில் கேட்ட ஒரு பெயர். அன்றுமுதல் எங்கள் வீட்டுப் பெண்.