ராணிப்பேட்டையில் இன்னொரு நான்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பசை தடவுவது என் வேலை. பி.எஃப். பணம் கேட்டு வேலூர் அலுவலகத்துக்குப் போனேன்.

"இன்னாம்மா, ராணிப்பேட்டையிலயும் வேலை செய்றியா?" என்றார் அங்கிருந்தவர்.

"ஒரு கம்பெனிக்கே முதுகு ஒடியுது சார்," என்றேன்.

என் ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்து யாரோ ஒருத்தி ராணிப்பேட்டை கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தாள்; அந்த வேலையும் என் பி.எஃப். கணக்கில் ஏறியிருந்தது. வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் ஜெராக்ஸ் கொடுத்துவைப்பது எங்கள் வழக்கம். அது எப்படி அவளிடம் போனதென்று இன்றுவரை புரியவில்லை.

"அந்தப் பதிவை நீக்கணும்னா நீதான் இந்த ஆளுன்னு தெரியணும். விரலை வை," என்றார்.

ஒவ்வொரு விரலாக வைத்தேன். பசையில் தேய்ந்த ரேகை மெஷினில் ஒன்றுகூட விழவில்லை. அவர் நான் கொடுத்த என் ஆதார் கார்டில் இருந்த படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கோபத்தில் கார்டைப் பிடுங்கி நானும் பார்த்தேன். அதிலிருந்த பெண் என்னைப் போலவே இல்லை.