காலுக்கு எட்டாத பைக்

காத்தான்குடி நஸீர் ஆள் கட்டை, உயரம் போதாது. இளந்தாரி வயதிலிருந்து சேலைப் பொட்டணியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, வாவியைக் கடந்து, படுவான்கரை ஊர்களில் வீடுவீடாக விற்றவர். நானும் கருவாட்டுக் கூடையோடு அதே பாதையில் போய்வருகிறவன். பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியில் மிதந்து போகும் தட்டுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பாலம் போட்டது வேறு துறையில். நஸீரின் ஊர்களுக்கு இன்னும் பாதைதான்.

அவருடைய பிழைப்புக்கு ஆபத்து ஒரு சின்ன லொறியில் வந்தது. ஓட்டமாவடி றம்ஸீன் லொறி நிறையத் துணி ஏற்றி, ஒலிபெருக்கியும் கட்டிக்கொண்டு வந்தான். நஸீர் மிதித்துப் போய்ச் சேருவதற்குள் அவன் நாலு ஊரை முடித்துவிடுவான். தீபாவளிக்கு முன் ஒரு மோட்டார் சைக்கிள் எடுக்காவிட்டால் இத்தனை வருடத்து வாடிக்கையும் போய்விடும். நஸீருக்கு அது விளங்கியது.

மனைவி முப்லிஹா முதல் நாளே சொன்னாள்.

"இஞ்சேருங்க, ஒரு ஸ்கூட்டி எடுங்க. கால் வைக்கிற இடத்தில பொட்டணிய வைக்கலாம். கியர் போடுற கரச்சலும் இல்ல."

"ஸ்கூட்டியா? அது பொம்புளைகள்ற சாமான் புள்ள. பள்ளிவாசலடியில கொண்டு நிப்பாட்டினா என்னப் பாத்துச் சிரிப்பானுகள்."

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, பானை சட்டியும் அவளுடையது. என்னுடையது என்று ஆண் கை வைத்துக் காட்ட மிஞ்சுவது பைக் ஒன்றுதான். ஆகவே அது ஓடுவதற்கு எடுக்கிற சாமான் இல்லை. வாசலில் நிறுத்தி வைக்கிற சாமான்.

தேத்தண்ணிக் கடையில் ஆலோசனை இலவசமாகக் கிடைத்தது. ஒருவர் பெற்றோல் எவ்வளவு குடிக்கும் என்றார். இன்னொருவர், "எடுக்கக்குள்ளயே விக்கிறத யோசிக்கணும் நஸீர்" என்றார். முப்லிஹாவின் தம்பி பஸ்லான் கட்டாரில் கிரேன் ஓடிவிட்டு வந்தவன். அதனால் உலகத்தில் உள்ள எல்லா எஞ்சினுக்கும் அவன்தான் அதிகாரி.

"நூற்றி ஐம்பது சிசிக்குக் குறைஞ்சா அது பைக்கா மச்சான்? சத்தத்திலயே சனம் வெளிய வரணும்."

நஸீரின் காலின் நீளத்தை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பைக் வந்தது. கறுப்பு. குதிரை உயரம். நஸீர் ஏறி இருந்தால் பெருவிரல் நுனி மண்ணைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

"கால் முட்டுதில்லயே மச்சான்" என்றார்.

"ஓடக்குள்ள கால் எதுக்கு? நிப்பாட்டக்குள்ளதானே கால் வேணும். நிப்பாட்டாம ஓடுங்க!"

நஸீரும் அப்படியே செய்தார். கால் வைக்க ஒரு மதகோ கல்லோ கண்டால்தான் நிறுத்துவார். இல்லாவிட்டால் வாசல் படலையில் நின்று கூப்பிடுகிற பெண்களுக்குக் கையைக் காட்டிவிட்டு, அதே வேகத்தில் போய்விடுவார். வாங்க வந்தவர்கள் பின்னால் ஓட வேண்டும். றம்ஸீன் ஒவ்வொரு படலையிலும் லொறியை நிறுத்தி, "வாங்க அக்கா, வாங்க" என்றான். சனம் எந்தப் பக்கம் போகும்?

தீபாவளி நெருங்கிய ஒரு காலை, பாதையில் எல்லோரும் இறங்கித் தங்கள் வாகனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நஸீர் இறங்கவில்லை. இறங்கினால் திரும்ப ஏறக் கல் வேண்டும். ஓரக் கம்பியைப் பிடித்தபடி பைக்கிலேயே குந்தியிருந்து வந்தார். கரை கிட்டியதும் புறப்படுகிற அவசரத்தில் கம்பியை விட்டார். அந்த நேரம் பார்த்துப் பாதை கரையில் முட்டியது. ஒரு குலுக்கு. நஸீர் இடது காலை நீட்டினார். பலகை குதிகாலுக்கு இன்னும் நாலு விரல் கீழே இருந்தது.

பைக், பொட்டணி, நஸீர், மூன்றும் கம்பி முடிகிற இடத்தால் வாவிக்குள். நல்ல வேளையாக இடுப்பளவு தண்ணீர். நாங்கள் இழுத்தெடுத்தோம். சேலைகளை விரித்துக் கரை வேலியில் போட்டோம். ஊர்ப் பெண்கள் கூடிவிட்டார்கள். மஞ்சள் சேலை நீலத்தோடு கிடந்து பச்சையாகி இருந்தது.

"காக்கா, சாயம் போகாது எண்டுதானே போன மாசமும் சொன்னீங்க?" என்றாள், நஸீரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிற பழைய வாடிக்கைக்காரி அன்னப்பூரணி.

"போகாதுதான் தங்கச்சி. இது வாவித் தண்ணி. உப்பு."

"அப்ப நாங்க என்ன, தேத்தண்ணியிலயா தோய்க்கிற?"

உடுப்பிலிருந்து நீர் சொட்ட நின்ற நஸீரும் சேர்ந்து சிரிக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் வீட்டுக்குப் போனதும் பைக்கை விற்றார். தேத்தண்ணிக் கடையில் யோசிக்கச் சொன்ன விற்கிற விலை, வாவி குடித்த எஞ்சினுக்குப் பொருந்தவில்லை. கிடைத்ததில் ஒரு பழைய ஸ்கூட்டி எடுத்தார். கால் இரண்டும் நிலத்தில் பதிந்தன. அது போதாதா? போதாது. எங்கு நிறுத்தினாலும், கேட்காதவனிடமும் சொன்னார்:

"பொண்டாட்டிக்கு எடுத்த. அவ பழகும் மட்டும் நான் ஓடிப் பாக்கிறன்."

பேச்சு காத்தான்குடியைச் சுற்றி முப்லிஹாவின் காதுக்கும் வந்தது. அவள் கையை நீட்டினாள்.

"ஊரெல்லாம் எனக்கெண்டு சொல்லிட்டு, சாவிய மட்டும் நீங்க வச்சிருக்கிறயா? தாங்க."

மறுக்க வழி இல்லை. மறுத்தால் பெண்கள் சாமானைத் தனக்கென்று எடுத்தவன் ஆகிவிடுவார். முப்லிஹா ஓடப் பழகினாள், லைசன்சும் எடுத்தாள். நஸீர் பழகியதைவிடக் கெதியாக.

இப்போது ஸ்கூட்டியை அவள் முன்னால் இருந்து ஓட்டுகிறாள், பொட்டணி காலடியில், நஸீர் பின்னால். படுவான்கரையில் அவள் நேரே குசினி அடுப்படிவரை போய்விடுவாள். அங்கே பெண்கள் சேலையைத் தோளில் போட்டுப் பார்க்கலாம், எந்தச் சாயம் போகும் என்று ஒளிக்காமல் கேட்கலாம். லொறிக்காரனால் படலையைத் தாண்ட முடியாது. தீபாவளியும் பொங்கலும் போய்ச் சித்திரை வருடம் வந்தபோது பழைய வாடிக்கை எல்லாம் திரும்பிவிட்டது.

நஸீர் இரண்டு ஹெல்மெட்டையும் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்பார்.

"என்ன காக்கா, உள்ள வரல்லயா? தேத்தண்ணி ஊத்தியிருக்கு" என்று அன்னப்பூரணி கூப்பிடுவாள்.

"இல்ல தங்கச்சி, பைக்க ஆராவது தூக்கிட்டுப் போயிருவான்" என்பார், மாட்டைத் தவிர ஒரு உயிரும் இல்லாத அந்த ஒழுங்கையைப் பார்த்து.