விளக்கைப் பார்த்துச் சத்தம் வைத்தவர்

புது மிக்ஸரை அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த அன்று குருவிட்டவில் நல்ல மழை. எங்கள் சவுண்ட் சர்விஸ் கடையின் பின்னறையில் மேசைமேல் உடுத்திப் பழசான சாரம் ஒன்றை விரித்து, பிள்ளையைக் கிடத்துவதுபோல் மச்சான் அதைக் கிடத்தினார். பிளக்கைச் சொருகியதும் இடமிருந்து வலமாகச் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனி வரிசை. அளவாக இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், எல்லை மீறினால் சிவப்பு. அதுவரை எங்களிடம் இருந்த ஆம்பில் ஐந்து குமிழ்களும் ஒரேயொரு சிவப்பு பல்பும்தான். அந்த பல்பும் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல மட்டுமே. நான் மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்றேன். பச்சை ஏறி இறங்கியது. மச்சான் ஸ்பீக்கர் பக்கம் காதைத் திருப்பவே இல்லை. விளக்குகளையே பார்த்தபடி கண்கலங்க நின்றார். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். றப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், கலியாணத்துக்கு முன்பே அந்த வேலையை விட்டுவிட்டு நானாவின் சவுண்ட் சர்விஸில் சேர்ந்தார். நானா எங்கள் முதலாளி. முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் அந்தப் பெயரால்தான் டவுனில் எல்லாரும் அவரை அழைப்பார்கள். மச்சான் சத்தம் வைப்பார், நான் மேடையில் நின்று தமிழிலும் சிங்களத்திலும் அறிவிப்புச் செய்வேன். கோயில் திருவிழா, பன்சலையில் பிக்குகள் ஓதும் பிரித், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, தேர்தல் கூட்டம் எதுவும் எங்களுக்கு விலக்கில்லை. தோட்டங்களில் மச்சானின் காதுக்குத் தனி மரியாதை இருந்தது. எட்டாம் நம்பர் லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் கட்டிய ஹோர்ன் ஸ்பீக்கரில் ஓர் ஆணி கழன்றிருந்தால் கோயிலடியில் இருந்தபடியே சொல்லிவிடுவார் என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள், ஆனால் பொய்யில்லை.

விஷயத்தை எனக்குச் சொன்னது அக்கா. ஒருநாள் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துவிட்டு, "தம்பி, உங்க மச்சானுக்குக் காது கேக்க மாட்டேங்குதுடா. புள்ள பின்னால நின்னு கூப்புட்டாத் திரும்புறதில்ல. பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். நரம்பு போயிருச்சாம், இருக்கிறதயாவது காப்பாத்திக்கன்னாங்க. யாருகிட்டயும் சொல்லிறாத" என்றாள். பதினைந்து வருடம் ஹோர்ன் ஸ்பீக்கருக்குக் கீழே நின்றதற்கு அதுதான் பலன். கிட்டத்தில் நின்று தடித்த குரலில் பேசினால் அவருக்குக் கேட்கும். தூரத்துப் பேச்சும், மெல்லிய கீச்சுச் சத்தமும் போய்விட்டன. அப்போதுதான் அந்த மழை நாளும் கண்ணீரும் எனக்கு விளங்கின. காது கைவிட்ட நேரத்தில் அந்த விளக்குகள் வந்து சேர்ந்திருந்தன. அவற்றைப் பார்த்தே வேலையை ஓட்டிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார்.

நான் இயல்பிலேயே பயந்தவன். பானைக்கு மூடி போட்டோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. விளக்கு எல்லாவற்றையும் காட்டாது. மைக் மெல்லிய குரலில் கூவத் தொடங்கினால் கூட்டமே காதைப் பொத்தும், விளக்கோ பச்சையிலேயே நின்று சிரிக்கும். கொடகவெல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பிள்ளை தேவாரம் பாடிக்கொண்டிருந்தபோது அப்படித்தான் ஆயிற்று. முன்வரிசைக் கிழவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள், மச்சான் விளக்கைப் பார்த்துத் தலையாட்டி ரசிக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் முன்பே ஒரு ஜாடை பேசி வைத்திருந்தோம். நான் சட்டைக் கொலரைத் தொட்டால் கூவுகிறது என்று அர்த்தம். தொட்டேன், அவர் அந்த மைக்கின் சத்தக் கட்டையைக் கீழே இழுத்தார், சத்தம் அடங்கியது. பக்கத்தில் நின்ற நானா, "பாத்தீங்களா, இந்த மெசின் என்ன நல்லா ஈக்குது! முந்தின ஆம்பா இருந்தா இன்னேரம் காது கிழிஞ்சி ஈக்கும்" என்று பெருமையடித்துக்கொண்டார். மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூவுகிற மைக்கால் போகப் போவது வேலைதான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று என்னைத் தின்றது. அது யுத்தம் உச்சத்திலிருந்த காலம், இரண்டாயிரத்து ஏழு, எட்டு. எங்கள் ரோட்டிலும் திடீர் திடீரென்று செக்பொயின்ட் போடுவார்கள். எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நில் என்றால் நிற்க வேண்டும். நில் என்பது கேட்காத ஒரு தமிழனை அவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? இதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. "மச்சான், செக்பொயின்ட்ல என் பக்கத்தை விட்டு நகராதீங்க" என்று ஒவ்வொரு பயணத்திலும் சொல்வேன். அவர் "சரிடா, நீ ஒருத்தன்" என்பார். நான் அவருடைய முழங்கையைத் தொட்டபடியே நடப்பேன். தொட்டால் நிற்பார், விட்டால் நடப்பார்.

ஒரு திருவிழா முடிந்து, பொழுது சாயுமுன்னே லொறியில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆறு மணிக்கு மேல் ஸ்பீக்கருக்கு அனுமதி கிடைக்காத காலம் அது. ஒரு வளைவில் புதிதாக மண்மூட்டை அடுக்கி நாலைந்து ஆமிக்காரர்கள் நின்றார்கள். இறங்கினோம். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்று தெரிந்ததும் ஒருவர் என்னை மட்டும் மேசைக்குக் கூப்பிட்டு, எங்கே போனீர்கள், யார் அனுமதி தந்தது என்று விசாரிக்கத் தொடங்கினார். என் கை மச்சானின் முழங்கையை விட்டது. இன்னொருவர் லொறியில் ஏறிப் பெட்டிகளைத் திறந்தார். மிக்ஸர் பெட்டியையும் திறந்தார். இவ்வளவு பட்டனையும் விளக்கையும் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, ஒரு கையால் அதை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினார். அது கீழே விழுந்தால் மச்சானுக்கு வேறு காது கிடையாது. அவர் வரிசையை விட்டு விலகி நேரே லொறியை நோக்கி நடந்தார்.

மண்மூட்டைக்குப் பின்னாலிருந்த பையன், இருபது வயதுகூட இருக்காது, "எதனம இன்னவா!" என்று கத்தினான். அங்கேயே நில் என்று அர்த்தம். மச்சான் நடந்தார். அவன் மறுபடியும் கத்தினான், அவனுடைய குரலும் நடுங்கியது. மச்சான் நடந்தார். அவன் கையிலிருந்த துவக்கு குறிபார்க்கத் தோளுக்கு ஏறுவதைப் பார்த்தேன். பதினைந்து வருடம் மேடையில் பழகிய குரல் என்னுடையது. இருந்த அத்தனை மூச்சையும் சேர்த்து, "சேர், எயாட்ட கன் எஹென்னே நே!" என்று சத்தம் போட்டேன். ஐயா, அவருக்குக் காது கேட்காது என்று. ரோடே அதிர்ந்தது. மச்சான் நின்றார். துவக்கு இறங்கியது. அந்தப் பையன் ஓடிவந்து மச்சானின் தோளைத் தட்டி, கையால் ஜாடை காட்டி வரிசைக்குக் கூட்டிப்போனான். போகும்போது அவருடைய முதுகை ஒருமுறை தடவிக் கொடுத்ததையும் சொல்லத்தான் வேண்டும். நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றிருந்த நானாவுக்கும் என் சத்தம் கேட்டிருந்தது. மறுநாள் நானா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அவரை நான் வெலக்க மாட்டேன். வயர் சுத்தட்டும், பெட்டி ஏத்தட்டும். மிக்ஸர் பக்கம் மட்டும் வாணாம்" என்றார். அவரைக் குறைசொல்ல முடியாது. மச்சான் ஒரு மாதம் வயர் சுற்றினார். இன்னொருவர் மிக்ஸர் முன் உட்காருவதை மேடைக்குக் கீழே நின்று பார்த்தார். பிறகு ஒருநாள் வேலைக்கு வரவில்லை. ஏன் என்று அக்காவிடம் கேட்டதற்கு, "நீ அவரு உசுரக் காப்பாத்துனடா தம்பி, வேற என்ன செய்வ?" என்றாள். நானும் என்னிடம் அதையேதான் சொல்லிக்கொண்டேன்.

யுத்தம் முடிந்த வருடக் கடைசியில் மச்சானும் நானும் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த வளைவு வந்தது. மண்மூட்டைகளைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பெண் பலகை போட்டு அன்னாசி வெட்டி விற்றுக்கொண்டிருந்தாள். மச்சான் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, காது கேட்காதவர்களுக்கே உரிய தட்டையான குரலில், "அன்னைக்கு அந்தப் பையன் கத்துனது எனக்குக் கேக்கல. நீ போட்ட சத்தம் கேட்டுச்சு. அதைக் கேட்டுத்தான் நின்னேன்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "நில்லுங்க மச்சான்னு போட்டிருந்தாலும் கேட்டிருக்கும்" என்றார். "நின்னுருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் வதைக்கிறது. அந்தப் பையனுக்குப் புரிய வேண்டும் என்றுதானே, மச்சான், நான் சிங்களத்தில் கத்தினேன், தமிழில் கத்தி அவன் இன்னும் மிரண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றெல்லாம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பஸ் மேடு ஏறி இரைந்துகொண்டிருந்தது. உள்ளே ஐம்பது பேராவது இருப்பார்கள். அவருக்குக் கேட்கும்படி சொல்வதென்றால் அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் சொல்ல வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன்.