விசாக் கந்தோரில் நான் வாய் திறந்த நாள்

காலை ஐந்தரைக்கு நானும் மகள் சுமதியும் கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்பட்டோம். அவள் லண்டனில் கணக்கியல் படிக்க விசா எடுக்கும் பயணம். இதுவரை போகாதவர்களுக்காக எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்று, புறக்கோட்டையில் மூட்டை சுமந்து, இன்று ஒருகொடவத்தையில் ஏழு லொறி வைத்திருப்பவன் நான். ஆனால் யுத்த காலத்தில் லொறியில் போனால் தடைக்குத் தடை இறக்கிச் சோதிப்பார்கள். அதனால் த்ரீவீலர் பிடித்தோம். முதலில் போக வேண்டிய வெள்ளவத்தைக்கு ஆறு மைல், இருநூற்றைம்பது ரூபாய்.

ஓட்டியவர் எங்கள் தெரு நஸார் நானா. "மொதலாளி, புள்ள போனா திரும்பி வாரதா? வெள்ளக்காரன்ட ரொட்டி திண்டா நம்மட தேங்கா போட்ட பொல் ரொட்டி எறங்காது" என்றார்.

"நீங்க ரோட்டப் பாருங்க நானா" என்றாள் சுமதி.

காலி முகத்திடலுக்கு அருகே ஆமிக்காரர்கள் மறித்தார்கள். "கொஹெத யன்னே?" எங்கே போகிறாய் என்று கேட்டான் ஒருவன். விசாவுக்கு என்றேன். கொண்டுபோன சான்றிதழ்களையெல்லாம் பிரித்துப் பார்த்த பிறகுதான் போக விட்டான். அரை மணி நேரம் போனது.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், விசாக் கேள்விகளுக்குப் பிள்ளைகளைப் பழக்கும் யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். படித்து முடிய என்ன செய்வாய் என்று கேட்டால், திரும்பி வருவேன் என்று இங்கிலீசில் சொல்லச் சுமதியைப் பழக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, உங்களைக் கூப்பிட்டா ஓம், இல்லை, ரெண்டு சொல்லுத்தான். பெருமை கதைச்சீங்களோ, பிள்ளையின்ர விசா போச்சு. ஒருக்கா மறுத்தா அடுத்த முறை இன்னும் கஷ்டம்."

எனக்கு ரோசம் வந்தது. மகளுக்காக அடக்கிக்கொண்டேன்.

பத்து மணிக்குக் கொள்ளுப்பிட்டியில் விசா கொடுக்கும் கந்தோருக்குப் போனோம். உள்ளே ஒரு வெள்ளைக்கார அம்மா, பக்கத்தில் தமிழில் மொழிபெயர்க்கும் தம்பி. சுமதி திருத்தமாகப் பதில் சொன்னாள். அந்த அம்மாவின் முகம் இளகவில்லை. எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

"படிச்சு முடிய அங்கயே வேலை தேடலாம், சம்பளமும் கூட. சண்டை நடக்கிற நாட்டுக்கு உங்கட மகள் ஏன் திரும்பி வரவேணும் எண்டு கேக்கிறா" என்றார் தம்பி.

இதற்கு ஓம் என்பதா, இல்லை என்பதா? மாஸ்டரை மறந்தேன்.

"அங்க இவ எவனோ ஒருத்தனுக்குக் கணக்கு எழுதணும். இங்க ஏழு லொறியும் இவளுக்குக் கணக்குச் சொல்லணும். மொதலாளியா இருக்க வேண்டியவ எதுக்குங்க கிளார்க் வேலைக்கு ஆசைப்படணும்?"

சுமதி கண்ணை மூடிக்கொண்டாள். தம்பி தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தார். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பின்னேரம் வந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

நாலு மணிக்கு விசா கையில். அதே த்ரீவீலரில் திரும்பினோம். முன்பு மூட்டை சுமக்க மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நான் கொழும்புக்குப் புறப்பட்டபோது, திரும்பி வா என்று எவரும் சொல்லவில்லை. சொல்ல அங்கே என்ன இருந்தது? என் பிள்ளையிடம் வா என்று சொல்ல எனக்கு இன்று ஒன்று இருக்கிறது. லண்டனுக்கு அனுப்புவதைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

"அப்பா, உள்ள சொன்னது விசாவுக்காகவா, மெய்யாவா?" என்று கேட்டாள் சுமதி.

"பொய் சொல்லியா ஏழு லொறி வாங்கினேன்?"

"அப்ப லொறியில என் பேரும் எழுதுவீங்களா?"

"எழுதுறேன்."

"உங்க பேருக்குக் கீழயா?"

என் பெயருக்கு மேலே சாமி பெயரைக்கூட எழுத விடாதவன் நான்.

"மேல" என்றேன்.